ஃபேன் நின்ன அன்னிக்கு: ஒரு ஸ்பீச் தெரபி அறையின் கதை

இது ஆடியோ எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

இந்த எபிசோடை எங்கே உட்கார்ந்து கேட்டுட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. வீட்டுலயோ ஹாஸ்டல்லயோ இருந்தா ஒரு சின்ன வேலை பண்ணுங்க. என்னை நிறுத்திட்டு, ஒரு பத்து செகண்ட் உங்க ரூமை மட்டும் கேளுங்க.

பண்ணியாச்சா? ஃபேன் கேட்டிருக்கும். ஃப்ரிட்ஜ் கேட்டிருக்கும். கீழே ரிவர்ஸ் எடுக்கிற கார், பக்கத்து வீட்டு மிக்ஸி, மாடியில யாரோ கட்டிலை இழுக்கிற சத்தம். ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அந்த ரூம் 'அமைதியா' இருக்குன்னுதான் நீங்க நினைச்சிட்டு இருந்திருப்பீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால ஒரு ஏழு வயசுப் பையனைப் பத்தி ஒரு தப்பான வரியை எழுதிட்டேன். இன்னிக்கு அந்த வரியைப் பத்திதான் பேசப்போறேன்.

நான் படிச்சது பிஏஎஸ்எல்பி. காது, பேச்சு, மொழி மூணையும் சேர்த்துப் படிக்கிற நாலு வருஷப் படிப்பு. கடைசி வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப். அந்த வருஷத்துல சென்னையில ஒரு ஸ்கூலுக்கு வாரம் ரெண்டு நாள் போயிட்டு இருந்தேன். பேச்சுல சிரமம் இருக்கிற மாணவர்களுக்கு ஸ்கூல்லயே வச்சு தெரபி. எங்களுக்குக் கொடுத்த அறை, ஆண்டு விழா மேடைக்குப் பின்னாடி இருந்த பழைய ஸ்டோர் ரூம். டான்ஸ் டிரஸ், மேடைத் திரை, ஸ்போர்ட்ஸ் சாமான் எல்லாம் கிடந்த இடம். நாங்க வரப்போறோம்னு எல்லாத்தையும் வெளியே எடுத்து, சுவருக்கு வெள்ளை அடிச்சு, சிமெண்ட் தரையைக் கழுவி, ஒரு டேபிள், ரெண்டு சேர், ஒரு பழைய சீலிங் ஃபேன்னு பளிச்சுன்னு வச்சிருந்தாங்க. பார்த்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷம். அந்தத் துணி மூட்டைகளை வெளியே எடுத்ததுதான் முதல் தப்புன்னு அப்போ எனக்குத் தெரியாது.

அந்தப் பையன் ரெண்டாம் வகுப்பு. 'க' வர வேண்டிய இடத்துல 'த' சொல்லுவான். கோழி அவனுக்குத் தோழி. காக்கா, தாத்தா. வீட்டுல அவன் தாத்தா வந்தாரா காக்கா வந்ததான்னு ஒரு ஜோக்கே இருந்தது. சின்னக் குழந்தைகள் இப்படிப் பேசுறது சகஜம். நாக்கோட பின்பக்கம் தூக்க வேண்டிய இடத்துல முன்பக்கத்தைத் தூக்கிடுவாங்க. பொதுவா நாலு வயசுக்குள்ள தானாவே சரியாகிடும். ஏழு வயசு வரைக்கும் போகலைன்னா கவனிக்கணும். ஜோக் வீட்டோட நிக்காது இல்லையா, கிளாஸுக்கும் வந்திருந்தது. அவன் வாயைத் திறக்கிறதையே குறைச்சிட்டான்.

இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு முதல்ல ஒண்ணு பார்ப்போம். சொல்லத் தெரியலையா, இல்ல வித்தியாசமே காதுல விழலையா? அதுக்கு ஒரே ஒரு ஒலி மட்டும் மாறுற ஜோடி வார்த்தைகள் வேணும். தமிழ்ல இதுக்குப் பஞ்சமே இல்லை. கோடு, தோடு. காய், தாய். கட்டு, தட்டு. ரெண்டுக்கும் படம் வரைஞ்சு முன்னாடி வச்சிட்டு, உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்காம இருக்க வாயை மறைச்சிட்டு, "தோடு"ன்னு சொல்லணும். குழந்தை படத்தைத் தொடணும். பத்துத் தடவை சொன்னா அவன் அஞ்சு சரியாத் தொடுவான், சில நாள் ஆறு. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும்.

மூணு வாரம் அதே கதை. எங்க காலேஜ்ல எடுத்த செவித்திறன் பரிசோதனையில காது நல்லா இருக்குன்னு வந்துடுச்சு. காது சரி, ஆனா வித்தியாசம் தெரியலை. அப்போ மூளை ஒலியைப் பிரிக்கிற இடத்துலதான் கோளாறு. நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். ஃபைல்ல எழுதினேன்: 'பேச்சொலிகளைப் பிரித்தறிவதில் குறைபாடு காணப்படுகிறது.' அவங்க அம்மாகிட்டயும் சொன்னேன். அவங்க என்ன புரிஞ்சுக்கிட்டாங்கன்னு பிறகு தெரிஞ்சது. பையனுக்கு மூளையில பிரச்சினைன்னு டீச்சர் சொல்லிட்டாங்க, அவ்வளவுதான்.

நாலாவது வாரம் கரண்ட் போச்சு.

ஸ்கூல்ல ஜெனரேட்டர் இருந்தது, ஆனா அந்த லைன் ஸ்டோர் ரூமுக்கு வரலை. ஃபேன் டக்குடக்குன்னு சுத்தி நின்னது. வேர்க்க ஆரம்பிச்சது. செஷனை விட வேண்டாமேன்னு படங்களை எடுத்து "கோடு"ன்னேன். தொட்டான். "தாய்." தொட்டான். "தட்டு." பத்துக்கு ஒன்பது. திரும்பவும் பண்ணேன். திரும்பவும் ஒன்பது. அவனுக்கு ஒரே குஷி. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா ஃபைல் டேபிள்மேலயே இருந்தது.

சாயந்திரம் என் சூப்பர்வைசருக்கு போன் பண்ணேன். மேம் திட்டலை. "பையனை டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ரூமை டெஸ்ட் பண்ணியாம்மா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

சரி, அந்த ரூம்ல என்னதான் நடந்தது? நாம பேசும்போது சத்தத்தோட பெரும்பங்கு உயிரொலிகள்ல இருக்கு. ஆ, ஓ, இதெல்லாம் ஓங்கி ஒலிக்கும். மெய்யொலிகள் மெல்லிசு. 'கோ'வுக்கும் 'தோ'வுக்கும் உள்ள வித்தியாசம், வார்த்தையோட ஆரம்பத்துல சில பத்து மில்லிசெகண்ட்ல வெடிச்சு முடிஞ்சுபோற ஒரு சின்ன ஒலி. அதுக்குப் பின்னாடி வர்ற 'ஓடு' ரெண்டுலயும் ஒண்ணுதான். ஃபேன் இரைச்சல் அந்தச் சின்ன வெடிப்பை மூடிட்டா, குழந்தை காதுல விழுறது வெறும் 'ஓடு'. கோடா தோடான்னு கேட்டா என்ன சொல்லுவான்?

இங்கே ஒரு கேள்வி வரும். அதே ரூம்ல எனக்கு மட்டும் எப்படிக் கேட்டது? பெரியவங்க நாம காதால மட்டும் கேட்கிறது இல்லை. பஸ் ஸ்டாண்டுல நின்னு போன் பேசும்போது பாதி வார்த்தை விழாது, ஆனா புரியும். மொழி ஏற்கெனவே உள்ளே இருக்கு, மூளை ஓட்டையை அடைச்சிடும். குழந்தைகளுக்கு அந்தக் கையிருப்பு இன்னும் சேரலை. இரைச்சலுக்கு நடுவுல பேச்சைப் பிரிச்சுக் கேட்கிற திறமை டீன் ஏஜ் வரைக்கும் வளர்ந்துட்டே இருக்கும். அதனால குழந்தைக்கு நம்மளைவிட அதிக அமைதி வேணும். பேச்சுல சிரமம் இருக்கிற குழந்தைக்கு அதையும்விட அதிகம். நாம நேர் எதிரா பண்றோம். எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சின அறையைத்தான் தெரபிக்குக் கொடுக்கிறோம்.

அளவாச் சொல்றேன். பேச்சு, பின்னணி இரைச்சலைவிட 15 டெசிபலாவது அதிகமா இருக்கணும்னு வகுப்பறைகளுக்குப் பரிந்துரைப்பாங்க. அமெரிக்காவுல வகுப்பறை ஒலியமைப்புக்குன்னே ஒரு தரநிலை 2002-ல வந்தது. ஆள் இல்லாத வகுப்பறையில பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி 0.6 விநாடிக்குள்ள அடங்கணும்னு அது சொல்லுது. நான் மறுநாள் போன்ல ஒரு ஆப் போட்டு அந்த ஸ்டோர் ரூமை அளந்தேன். ஃபேன் ஓடினா 58. நிறுத்தினா 43. என் குரல் அவன் உட்கார்ந்த இடத்துல 62, 63. 15 இருக்க வேண்டிய இடத்துல 5தான் இருந்தது. போன் ஆப் துல்லியமான கருவி இல்லை, அது காட்டுற நம்பரை அப்படியே நம்ப வேண்டாம். ஆனா ஒரே போனை ஒரே இடத்துல வச்சு, முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

இரைச்சல் பாதிக் கதைதான். மீதி, எதிரொலி. இதுக்கு ஒரு அருமையான பழைய கதை இருக்கு. 1895-ல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துல ஃபாக் ஆர்ட் மியூசியம்னு புதுசாக் கட்டினாங்க. அதோட லெக்சர் ஹால்ல யார் பேசினாலும் புரியலை. ஒரு வார்த்தை அடங்கவே அஞ்சரை விநாடி. அதுக்குள்ள அடுத்த பத்து வார்த்தை வந்து அது மேல விழும். சரிபண்ணச் சொல்லி இயற்பியல் துறையில ஒரு இளம் ஆசிரியர்கிட்ட ஒப்படைச்சாங்க. வாலஸ் சபைன், வயசு 27. அவர்கிட்ட இருந்தது ஒரு ஆர்கன் குழாய், ஒரு ஸ்டாப்வாட்ச், அவரோட காது. பக்கத்துல இருந்த தியேட்டர்லேருந்து சீட் குஷன்களை ராத்திரியில தூக்கிட்டு வருவார். கொஞ்சம் கொஞ்சமா ஹால்ல பரப்பி, குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் மறைய எத்தனை விநாடின்னு அளப்பார். விடியறதுக்குள்ள திருப்பிக் கொண்டுபோய் வச்சிடுவார். குஷன் கூடக்கூட எதிரொலி குறைஞ்சு, கடைசியில ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல வந்து நின்னது. அறை எவ்வளவு பெரிசு, அதுக்குள்ள சத்தத்தை உறிஞ்சுற பொருள் எவ்வளவு, இந்த ரெண்டும் தெரிஞ்சா எதிரொலியைக் கணக்குப் போடலாம்னு அதுலேருந்துதான் வந்தது. இன்னிக்கும் அறை ஒலியமைப்பு பாடம் அந்தச் சூத்திரத்துலதான் ஆரம்பிக்கும்.

இப்போ எங்க ஸ்டோர் ரூமுக்கு வாங்க. வெறும் சுவர், சிமெண்ட் தரை, இரும்புக் கதவு. கை தட்டினா 'டங்'குன்னு ஒரு வால் நீளும். அந்த அறையோட குஷன்களைத்தான் நாங்க வர்றோம்னு வெளியே எடுத்திருந்தாங்க! டான்ஸ் டிரஸ் தொங்கின கம்பி, மடிச்சு வச்ச வெல்வெட் திரை, ஜிம்னாஸ்டிக்ஸ் மெத்தை. ஹெச்எம் மேடம்கிட்ட போய், "அந்தச் சாமானையெல்லாம் திருப்பி உள்ளே வைக்கலாமா?"ன்னு கேட்டேன். இவ்வளவு செலவு பண்ணி க்ளீன் பண்ணிக் கொடுத்தா இந்தப் பொண்ணு இப்படிக் கேட்குதேன்னு ஒரு பார்வை பார்த்தாங்க. கை தட்டிக் காட்டினேன். அவங்களும் தட்டிப் பார்த்தாங்க. மதியமே வாட்ச்மேன் அண்ணா திரையைக் கொண்டுவந்து, நீளச் சுவர்ல மடிப்பு மடிப்பா தொங்கவிட்டார். மெத்தையைச் சுவர்ல சாய்ச்சோம். தரைக்கு ஜமுக்காளம். ஒரு ரூபா செலவில்லை.

முட்டை அட்டை ஒட்டலாமான்னு நிறைய பேர் கேட்பாங்க. வேண்டாம். பார்க்க ஸ்டுடியோ மாதிரி இருக்கும், உறிஞ்சுறது ரொம்பக் கம்மி. மெல்லிசான ஃபோம் ஷீட்லயும் ஒரு சிக்கல் இருக்கு. அது உச்ச ஒலிகளை மட்டும்தான் உறிஞ்சும். 'ஸ்' மாதிரி ஒலிகள் வாழுற இடம் அது. ஃபேனோட தாழ்ந்த உறுமலை அது தொடவே தொடாது. கனமான துணி, சுவரை ஒட்டாம ஒரு கை அகலம் இடைவெளி விட்டுத் தொங்கினா இன்னும் நல்லா வேலை செய்யும்.

இதைவிடச் சுலபம், நாற்காலியை நகர்த்துறது. நானும் அவனும் டேபிளுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம், ஒன்றரை மீட்டர் தள்ளி, இன்டர்வியூ மாதிரி உட்கார்ந்திருந்தோம். தூரம் பாதியானா குரல் கிட்டத்தட்ட 6 டெசிபல் கூடும். டேபிளை ஓரமாத் தள்ளிட்டு முட்டிக்கு முட்டி பக்கத்துல உட்கார்ந்தோம். 6 டெசிபல், இலவசம்.

அப்புறம் வெளிச்சம். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னாடி இருந்தது. எனக்கு அவன் முகம் தெளிவாத் தெரியும், அவனுக்கு என் முகம் வெறும் நிழல். உதட்டையும் நாக்கையும் பார்த்துக் கத்துக்க வேண்டிய பையனை ஒரு மாசம் நிழல் முன்னாடி உட்கார வச்சிருக்கேன். இடம் மாத்தினோம். ரெண்டு பேர் முகமும் ஒண்ணா தெரியுற மாதிரி ஒரு கண்ணாடி. கால் தரையில படாம தொங்கினா குழந்தை நெளிஞ்சுட்டே இருக்கும்னு காலுக்கு ஒரு பலகை. சுவர்ல கார்ட்டூன் ஒட்டலாம்னு சிலர் சொன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். அவன் பார்க்க வேண்டியது என் வாயை. சோட்டா பீமை இல்லை.

வாயை மறைக்கிறது பத்தி ஒரு சின்ன விஷயம். நான் அதுவரைக்கும் தாளால மறைச்சேன். தாள் உதட்டோட சேர்த்து உச்ச ஒலிகளையும் கொஞ்சம் மறைச்சிடும். எம்பிராய்டரி வளையத்துல ஸ்பீக்கர் துணியை மாட்டிப் பிடிச்சா உதடு தெரியாது, ஒலி போகும். அதை அன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன்.

டெக்னாலஜி எங்கேன்னு கேட்பீங்க. வர்றேன். எனக்குப் பிடிச்ச முதல் கருவி, ரிமோட் மைக். தெரபிஸ்டோ டீச்சரோ சட்டையில, வாயிலேருந்து ஒரு சாண் தூரத்துல மைக் மாட்டிப்பாங்க. குரல் வயர்லெஸ்ஸா குழந்தையோட ஹியரிங் எய்டுக்கோ, பக்கத்துல இருக்கிற ஸ்பீக்கருக்கோ போகும். காசு கொடுத்து தூரத்தைச் சுருக்குறோம். நல்ல சாதனம்தான், ஆனா விலை நிறைய ஸ்கூலுக்கு எட்டாது. அதான் முதல்ல நாற்காலியை நகர்த்துங்கன்னு சொன்னேன்.

ரெண்டாவது, பிராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துல பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கின இலவச சாஃப்ட்வேர். பேச்சை ரெக்கார்ட் பண்ணா அதைப் படமாக் காட்டும். 'ஸ்'ஸை இழுத்துச் சொன்னா திரையோட மேல்பக்கம் கருமேகம் மாதிரி ஒண்ணு திரளும். 'ஸ்' வராத பிள்ளைங்ககிட்ட "மேகத்தை மேலே ஏத்து"ன்னா போதும், வெறியா ட்ரை பண்ணுவாங்க. ஆனா அளவு வேணும். கொஞ்ச நேரத்துல குழந்தை என் வாயை விட்டுட்டு ஸ்கிரீனையே பார்க்க ஆரம்பிச்சிடும். டேப்லெட் கேம்கள்ல இன்னொரு தொல்லை. சரியாச் சொன்னா பட்டாசு, கைத்தட்டல், மியூசிக். நாம பாடுபட்டு உண்டாக்கின அமைதியை அதுவே கெடுக்கும். மியூட் போட்டுத்தான் கொடுப்பேன்.

எல்லாத்தையும்விட அதிகம் உதவினது போன்ல இருக்கிற வாய்ஸ் ரெக்கார்டர். அவன் குரலை அவனுக்கே போட்டுக் காட்டுவேன். "இது கோடா, தோடா?" பேசும்போது தெரியாத தப்பு, கேட்கும்போது தெரியும். அவனே சிரிச்சிட்டு, "மிஸ், திரும்பச் சொல்றேன்"னுவான்.

ஆன்லைன் தெரபி எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு. பழைய டெலிபோன் லைன் 300-லேருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கொண்டுபோகும். 'ஸ்'ஸோட பெரும்பகுதி அதுக்கு மேல இருக்கு. வீடியோ கால் இதைவிட நல்லா கொண்டுபோகும், ஆனா அதுல நாய்ஸ் சப்ரஷன் இருக்கு. நீட்டி இழுக்கிற ஒலியை அது ஃபேன் சத்தம்னு நினைச்சு வெட்டிடலாம். குழந்தை 'ஸ்ஸ்ஸ்'னு சரியாச் சொல்லியிருக்கும், இந்தப் பக்கம் வந்திருக்காது. செட்டிங்ஸ்ல அதை அணைங்க. ப்ளூடூத் ஹெட்செட்டும் மைக் ஆன் ஆனதும் பல சமயம் ஒலித்தரத்தைக் குறைச்சிடும். பழைய வயர் இயர்போன் தேவலாம்.

இந்தத் துறையைப் படிக்கிறவங்க கேட்டுட்டு இருந்தா, உங்களுக்காக ஒரு வார்த்தை. நாம பழகுறது காலேஜ் கிளினிக்ல. தடிமனான கதவு, நல்ல வெளிச்சம், ஒரு பக்கம் மட்டும் தெரியுற கண்ணாடிக்குப் பின்னாடி இருட்டுல நம்ம சூப்பர்வைசரும் ஜூனியர்களும். அந்தக் கண்ணாடியில மந்திரம் எதுவும் இல்லை. இந்தப் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் இருட்டு, அவ்வளவுதான். ஒரு தடவை இருட்டு அறையில ஒரு ஜூனியர் போன் டார்ச்சைப் போட்டுட்டாங்க. உள்ளே இருந்த குழந்தை கண்ணாடிக்குள்ள நாலு அக்கா இருக்காங்கன்னு அலறிடுச்சு. இப்போ நிறைய இடத்துல கண்ணாடிக்குப் பதிலா கேமரா வந்துடுச்சு. பெத்தவங்க சம்மதத்தோட பதிவு பண்ணினா, நம்ம செஷனை நாமே திரும்பப் பார்க்கலாம். என் குறை வேற. எல்லாமே நல்லா இருக்கிற அறையில நாலு வருஷம் பழகினதால, அறைன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்குக் கண்ணுல படலை. குழந்தை மட்டும்தான் தெரிஞ்சான். வாரத்துல ஒரு நாளாவது ஃபேன் ஓடுற, கதவு கிறீச்சிடுற அறையில பழக விட்டிருக்கலாம்.

சென்னை வெயில்ல ஃபேனை நிரந்தரமா நிறுத்த முடியாது. அதனால வேலையைப் பிரிச்சோம். கேட்கிற விளையாட்டு பத்து நிமிஷம், ஃபேன் ஆஃப். சொல்ற பயிற்சிக்கு ஃபேன் ஆன். பக்கத்து கிரவுண்டுல பி.டி. பீரியட் இல்லாத நேரத்துக்கு செஷனை மாத்தினோம். ரெண்டாவது வாரத்துலேருந்து படங்களை நான் எடுத்ததும் அவனே எழுந்துபோய் ஸ்விட்சை அணைப்பான்.

ஃபைல்ல அந்த வரியை அடிச்சு, தேதி போட்டு, காரணம் எழுதி, கையெழுத்து போட்டேன். அவங்க அம்மாவை வரச் சொல்லி, நான் எழுதினது தப்பு, ரூம் சத்தத்துல அவனுக்குக் கேட்கலை, அவனுக்கு வித்தியாசம் நல்லாவே தெரியுதுன்னு சொன்னேன். கோபப்படுவாங்கன்னு நினைச்சேன். அவங்க கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "மேடம், அப்போ கிளாஸ்லயும் இவனுக்குச் சரியாக் கேட்காதா?"ன்னாங்க.

நான் அந்த ஸ்டோர் ரூமைத் தாண்டி யோசிக்கவே இல்லை. மறுநாள் போனை எடுத்துக்கிட்டு ரெண்டாம் வகுப்புக்குப் போனேன். நாலு ஃபேன், நாற்பதுக்கு மேல பிள்ளைங்க, திறந்த கதவு வழியா வராண்டா சத்தம். ஆப் 60-க்குக் கீழே இறங்கவே இல்லை. அவன் கடைசி பெஞ்ச், கதவோரம். கிளாஸ் மிஸ்கிட்ட சொன்னேன். அவங்க கேள்வியே கேட்காம அவன் பையைத் தூக்கி ரெண்டாவது பெஞ்ச்ல வச்சாங்க.